பாய்லர் பழுது சரியாகவில்லை: வந்து பார்த்தவருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

தெற்குச்சன்னல் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பழுதாகிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. அது எரிவாயுவில் இயங்கும் கண்டென்சிங் வகை. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பற்றவைத்தால் எரிகிறது, நான்கைந்து நிமிடங்களில் அணைந்துவிடுகிறது, பிறகு தானாகச் சில முறை முயன்றுவிட்டு, தன்னைப் பூட்டிக்கொள்ளும் லாக்அவுட் நிலைக்குப் போய்த் திரையில் பிழை எண்ணைக் காட்டுகிறது. அணைவதற்குச் சற்று முன்பு உள்ளே தண்ணீர் கொப்பளிப்பதைப் போல ஒரு சத்தமும் கேட்கிறது.

பழுதுபார்ப்பவர் ஒருவர் மூன்று முறை வந்தார். முதல் முறை இரண்டு மணி நேரம் இருந்து, சுடரை மூட்டவும் சுடர் எரிகிறதா என்று உணரவும் பயன்படும் எலக்ட்ரோடு தேய்ந்திருப்பதைக் காட்டி, அதை மாற்றினார். அன்று இரவு முழுவதும் வீடு சூடாக இருந்தது. மறுநாள் மாலை மீண்டும் நின்றுவிட்டது. இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம் எரிவாயு அழுத்தத்தை அளந்தார், மின்விசிறியைச் சோதித்தார், பாய்லரை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டை மாற்ற வேண்டும் என்றார். நான்கு நாட்கள் கழித்துப் புதிய போர்டோடு வந்து மூன்று மணி நேரம் உழைத்தும் அதே பிழை எண்தான் வந்தது. "இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை, தயாரித்த நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு நாட்களில் மூன்று வருகைக்கும், ஆறரை மணி நேரக் கூலிக்கும், இரண்டு உதிரிபாகங்களுக்கும் சேர்த்துப் பில் அனுப்பியிருக்கிறார். அதில் ஏறக்குறைய பாதி அந்தப் போர்டின் விலை.

என் தந்தை தச்சு வேலை செய்தவர். முடித்த வேலைக்கே ஏதாவது குறை சொல்லிக் கூலியைப் பாதியாக்கியவர்களின் வாசலில் சிறுவனாக அவரோடு நின்றிருக்கிறேன். அதனால் இந்தப் பில்லைக் கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், வயதான அம்மாவை ஒரே அறையில் மின்சார ஹீட்டரோடு உட்காரவைத்துவிட்டு, எரியாத பாய்லருக்கு முழுத் தொகையையும் கொடுப்பது சரி என்றும் தோன்றவில்லை. அவர் நேர்மையானவர் என்றே நினைக்கிறேன், குளிரில் முழங்காலிட்டு உழைத்ததையும் பார்த்தேன். முழுவதும் கொடுப்பதா, ஒன்றும் கொடுக்காமல் விடுவதா, இடையில் ஒரு தொகை என்றால் அதை எந்தக் கணக்கில் முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறாம் மாடி எழுதியது:

நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன். நீங்கள் கேட்டது சூடான வீடு. கிடைத்தது குளிர்ந்த வீடு. அடுத்து வருபவருக்கு நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து கொடுக்கப்போகிறீர்கள், ஆக ஒரே பழுதுக்கு இரண்டு பில். அவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது அவருடைய திறமையைப் பொறுத்தது. திறமை குறைந்தவருக்கு அதிக நேரம் பிடிக்கும் என்பதற்காக அதிகக் கூலி கொடுப்பது தலைகீழான நியாயம்.

பழைய ரெஞ்ச் எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன். ஆறாம் மாடி சொல்வதன் கடைசி வரியை நான் மறுக்கவில்லை. ஆனால் "ஒன்றும் கொடுக்க மாட்டேன்" என்பதை ஏற்க முடியாது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூலிக் கணக்கு அதிலிருந்துதான் பிறக்கிறது. கண்டென்சிங் பாய்லர் புகையை வெளியே விடுவதற்கு முன் குளிரவைத்து, அதிலுள்ள நீராவியை நீராக்கி, அந்த வெப்பத்தையும் வீட்டுக்குக் கொடுக்கிறது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் உண்டாகும். அதில் ஒரு பகுதி பாய்லருக்குள்ளேயே நீராக இறங்கி, லேசான அமிலத்தன்மையோடு, ஒரு சிறு தொட்டி போன்ற கண்டென்சேட் ட்ராப் வழியாகக் குழாயில் வெளியேறுகிறது. அந்த ட்ராப்பிலோ குழாயிலோ சகதி சேர்ந்தாலும், வீட்டுக்கு வெளியே ஓடும் குழாய் பனியில் உறைந்தாலும், நீர் பின்னோக்கி ஏறி, பாய்லருக்குள் சுடர் எரியும் அறைவரை வந்துவிடும். அப்போது கொப்பளிக்கும் சத்தம் கேட்கும், சுடர் அணையும், பாய்லர் பூட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதிய சத்தத்தைப் படித்தவுடன் நான் முதலில் கழற்றிப் பார்த்திருக்கக்கூடியது அந்த ட்ராப்பைத்தான். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்து வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். எலக்ட்ரோடு மாற்றிய இரவு பாய்லர் ஓடியதற்கும் இது பொருந்துகிறது: பாதி அடைத்த வழியில் நீர் மெதுவாக வடியும், அவர் வேலை செய்த இரண்டு மணி நேரமும் பாய்லர் அணைந்திருந்ததால் தேங்கிய நீர் இறங்கியிருக்கும்.

இனிக் கூலி. எங்கள் வேலையில் கண்டுபிடிப்பது ஒன்று, சரிசெய்வது வேறொன்று. எரிவாயு அழுத்தம் சரியாக இருக்கிறது, மின்விசிறி சுழல்கிறது என்று ஒருவர் அளந்து சொல்வதும் வேலைதான். அடுத்தவர் அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தொடங்கலாம். ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்று முறையாகத் தேடிய நேரத்துக்குக் கூலி உண்டு, விடை கிடைக்காவிட்டாலும் உண்டு. தேய்ந்த எலக்ட்ரோடு எப்படியும் மாற்றவேண்டிய பொருள், பல நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்கின்றன. அது உங்கள் பாய்லரில் இருக்கிறது, உங்களுக்குப் பயன்படுகிறது, அதன் விலையைக் கொடுங்கள்.

போர்டுதான் சிக்கல். வேறு எல்லாவற்றையும் சோதித்து ஒதுக்கிய பிறகு போர்டுக்கு வருவது ஒரு முறை. ஒன்றும் புரியாதபோது போர்டை மாற்றிப் பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவதை எங்களில் பலர் செய்கிறோம், நானும் இளம் வயதில் செய்திருக்கிறேன், அதை இப்போது நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் ஒரு கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டும். போர்டை வரவழைப்பதற்கு முன் அவர் உங்களிடம் என்ன சொன்னார்? "போர்டு போய்விட்டது" என்றாரா, "போர்டாக இருக்கலாம், மாற்றிப் பார்த்தால்தான் தெரியும், சரியாகாமலும் போகலாம், சம்மதமா" என்றாரா? தெரிவித்துவிட்டுச் செய்த ஊகத்தின் நட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. தெரிவிக்காமல் செய்த ஊகத்தின் நட்டம் முழுவதும் அவருடையது. நான் தொழிலில் கடைசிவரை பின்பற்றிய அளவுகோல் இதுதான், அதற்காக என் கையிலிருந்து பணம் போன நாட்களும் உண்டு.

இன்னொன்று, பணத்தை விட முக்கியமானது. வேலையைப் பாதியில் விட்டுப் போனவர் பாய்லரை எந்த நிலையில் விட்டுப் போனார்? சில வகைப் பாய்லர்களில் முன்மூடியே புகை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் அடைப்பின் ஒரு பகுதி. அது சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வர வாய்ப்புண்டு, அதற்கு மணமோ நிறமோ கிடையாது. அடுத்தவர் வந்து சோதிக்கும்வரை ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், அம்மா இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்கி வையுங்கள்.

வழக்குமன்ற வாசகர் எழுதியது:

ஆறாம் மாடியின் நிலைப்பாட்டுக்குச் சட்ட வரலாற்றில் ஆதரவு இருக்கிறது என்பதையும், அது எந்த எல்லைவரை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் இதே பொருளைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு: 1972இல் தீர்ப்பான போல்டன் எதிர் மகாதேவா. ஒரு வீட்டுக்கு மைய வெப்பமூட்டும் அமைப்பை 560 பவுனுக்கு நிறுவித் தருவதாக ஒப்பந்தம். நிறுவியபின் வீடு போதிய அளவு சூடாகவில்லை, சராசரியாகப் பத்து விழுக்காடு குறைவு. புகையின் நெடியும் வீட்டுக்குள் வந்தது. குறைகளைச் சரிசெய்ய ஏறக்குறைய 174 பவுன் ஆகும் என்று தெரிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை கணிசமாகக்கூட நிறைவேறவில்லை என்று கருதி, ஒப்பந்தக்காரருக்கு அந்த 560இல் ஒன்றும் கிடைக்காது என்று தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, 1952இல் முடிந்த ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்கில், ஒரு குடியிருப்பை அலங்கரித்துத் தளவாடங்கள் செய்து கொடுத்தவரின் வேலையில் சில குறைகள் இருந்தபோதும், வேலை பெருமளவு முடிந்துவிட்டது என்பதால், குறைகளைச் சரிசெய்யும் செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஆனால் இந்த இரண்டுமே "இன்ன வேலையை முடித்துத் தருகிறேன், அதற்கு மொத்தமாக இவ்வளவு" என்று பேசிய ஒப்பந்தங்கள். உங்களுடையது மணிக்கணக்கில் கூலி பேசிய பழுதுபார்ப்பு என்று தெரிகிறது. அப்படிப்பட்ட வேலையில், தனியாக வேறு எதையும் பேசியிருந்தாலொழிய, அவர் விளைவுக்கு உறுதி கொடுப்பதில்லை. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வேன் என்ற உறுதியையே கொடுக்கிறார். இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சேவைகளுக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவும் இதுவே. அந்த அளவுக்குக் குறைந்தால், முதலில் வேலையை மறுபடி சரியாகச் செய்து தரும்படி கேட்கலாம், அது முடியாதபோது விலையைக் குறைக்கும்படி கேட்கலாம். உங்கள் நாட்டுச் சட்டத்தின் சொற்கள் வேறாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கவேண்டிய கேள்வி மட்டும் ஒன்றுதான்: சாதாரணத் திறமையுள்ள ஒரு பழுதுபார்ப்பவர், கொப்பளிக்கும் சத்தத்தைக் கேட்டபின், ட்ராப்பைப் பார்க்காமல் போர்டுக்குப் போயிருப்பாரா? பழைய ரெஞ்ச் எழுதியதைப் படித்தால் விடை உங்களிடம் வந்தவருக்குச் சாதகமாக இல்லை.

போர்டைப் பற்றியும் ஒரு பழைய தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. 1898இல், சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் என்ற வழக்கில், பணமில்லாமல் கட்டடத்தைப் பாதியில் விட்டுப் போன கொத்தனாருக்கு, எழுப்பிய சுவருக்கான கூலி கிடைக்கவில்லை; ஏனெனில் நில உரிமையாளருக்குத் தன் நிலத்தில் நிற்கும் சுவரை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அவர் அங்கேயே விட்டுப்போன கட்டுமானப் பொருட்களை உரிமையாளர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அவற்றைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது உரிமையாளர் கையில் இருந்தது. கொத்தனாரின் கூலியைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு கடுமையானது என்று இன்றும் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பொருட்களைப் பற்றிய பகுதி மட்டும் உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது: போர்டைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க முடியும். வைத்துக்கொண்டால் விலை கொடுங்கள். தேவையில்லை என்று உறுதியானால் திருப்பிக் கொடுங்கள்.

கணக்குப் புத்தகம் எழுதியது:

என் கணவரும் அவருடைய தம்பியும் குழாய், வெப்பமூட்டும் வேலை செய்கிறார்கள். பில் எழுதுவதும் பணம் வந்ததா என்று பார்ப்பதும் நான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உதிரிபாகத்தை எங்களைப் போன்றவர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறோம். மின்னணுப் பாகத்தை ஒரு முறை பொருத்திவிட்டால் விற்றவர் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே "போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது வாடிக்கையாளருக்கு ஒரு வாக்கியம், பழுதுபார்ப்பவரின் வீட்டுக்கு ஒரு வாரச் சம்பளமாகக்கூட இருக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது என்னவென்று தெரிந்துகொண்டு பேசுங்கள் என்கிறேன்.

எங்களை மிகவும் வருத்துவது குறைத்துக் கொடுப்பவர்கள் அல்ல, பதிலே சொல்லாதவர்கள். பில் போய் ஒரு மாதம் ஆகும், தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், கடைசியில் "வேலை சரியாக இல்லை" என்று ஒரு வரி வரும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எந்தப் பகுதியில் உங்களுக்கே சந்தேகம் இல்லையோ, அதாவது முதல் வருகையும் எலக்ட்ரோடும், அதை இன்றே கொடுத்துவிட்டு, மீதிக்கு என்ன காரணம் என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் "இது பில்லின் இந்தப் பகுதிக்கான தொகை, மற்றதைப் பேசி முடிப்போம்" என்பதும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் நீங்கள் மொத்தக் கணக்கையும் முடித்துவிட்டதாகவோ, மொத்தப் பில்லையும் ஒப்புக்கொண்டதாகவோ ஒருவர் பொருள்கொள்ள இடமுண்டு. கார்டில் கொடுத்த பணத்தை வங்கி மூலம் திரும்பப் பிடுங்குவது கடைசி வழி. பேச்சைத் தொடங்கும் முன்பே அதைச் செய்தால், பிறகு பேசுவதற்கு அவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அவர் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் அவருடைய கணக்கில் வரவாகவே எழுதுவேன். அதைச் சொல்லாமல், அடுத்து மின்விசிறி, அதற்கடுத்து கேஸ் வால்வு என்று மாற்றிக்கொண்டே போயிருக்க முடியும். தெரியாததைத் தெரியாது என்று மூன்றாம் நாள் சொன்னவர், ஏழாம் பில்லிலிருந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

தெற்குச்சன்னல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் புத்தகம் சொன்னபடி முதல் வருகைக்கான கூலியையும் எலக்ட்ரோடின் விலையையும் அன்றே அனுப்பிவிட்டு, மீதிக்கு ஒரு வாரம் பொறுக்கும்படி காரணத்தோடு எழுதினேன். மறுநாள் தயாரிப்பு நிறுவனத்தின் ஆள் வந்தார். கொப்பளிக்கும் சத்தத்தைச் சொன்னதும் நேராக ட்ராப்பைக் கழற்றினார். உள்ளே கரிய சேறு அடைத்திருந்தது. கழுவிப் பொருத்தி, முன்மூடியின் அடைப்பைச் சோதித்து, புகையின் அளவுகளையும் கருவியில் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் பழைய போர்டை மீண்டும் பொருத்திப் பார்த்தார். அதிலும் பாய்லர் குறையின்றி ஓடியது. அம்மா இப்போது தன் அறையில் இருக்கிறார்.

பழைய ரெஞ்ச் கேட்ட கேள்விக்கு விடை தேடி, போர்டை வரவழைப்பதற்கு முன் அவர் எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை எடுத்துப் பார்த்தேன். "பெரும்பாலும் போர்டுதான், வாங்கட்டுமா" என்று இருந்தது. "சரி, வாங்குங்கள்" என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லைக் குளிரின் அவசரத்தில் நான் படிக்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. தவறினால் யார் பொறுப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரைத் தொலைபேசியில் அழைத்து, ட்ராப்பில் அடைப்பு இருந்ததைக் குற்றம் சொல்லும் தொனியில்லாமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சத்தத்தை நானும் கேட்டேன், பம்பில் காற்று இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்" என்றார். மாலையில் தானே வந்து போர்டை எடுத்துக்கொண்டார். வண்டியில் வைத்திருந்து, இதே வகைப் பாய்லரில் சந்தேகம் வரும்போது மாற்றிச் சோதிக்கப் பயன்படுத்திக்கொள்வதாகச் சொன்னார். இரண்டாம் வருகையின் ஒன்றரை மணி நேரத்துக்கு முழுக் கூலியைக் கொடுத்தேன், ஏனென்றால் அன்று அவர் அளந்து எழுதிவைத்திருந்ததைப் புதியவர் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். மூன்றாம் வருகைக்கு அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். நானும் "சரி" என்று எழுதியவன் என்பதால் மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தின் கூலியை ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். சற்றுத் தயங்கி வாங்கிக்கொண்டு, பில்லைத் திருத்தி எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

ஆறாம் மாடி எழுதியது:

இரண்டாம் வருகையின் அளவுகள் புதியவருக்குப் பயன்பட்டன என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். மூன்றாம் வருகைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது உங்கள் பெருந்தன்மை; நான் கொடுத்திருக்க மாட்டேன்.

பழைய ரெஞ்ச் எழுதியது:

அந்தக் கரிய சேறு எங்கிருந்து வந்தது என்று புதியவர் சொன்னாரா? ட்ராப்பில் சேர்வது பெரும்பாலும், சுடரின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பமாற்றியின் புகைப் பக்கத்திலிருந்து உதிர்ந்து வரும் படிவு. அதை இந்த முறை துப்புரவு செய்யவில்லையென்றால் ட்ராப் மீண்டும் அடைக்கும். ஆண்டுப் பராமரிப்புக்கு ஆள் கூப்பிடும்போது வெப்பமாற்றியையும் ட்ராப்பையும் கழற்றிக் கழுவுவது அந்தக் கட்டணத்தில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வந்தவரையே அதற்குக் கூப்பிட உங்களுக்கு மனம் இருந்தால், அவர் இனி அந்த ட்ராப்பை மறக்க மாட்டார்.